ஓர் ஒஜிப்வே தகப்பனின் கல்வெட்டு

கனடாவில், ஸ்காபரோவில் நான் வேலை செய்யும் அச்சகத்தில், ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கும் நினைவு மலர்களைத்தான் அதிகம் அடிக்கிறோம். எங்கள் யாழ்ப்பாணச் சனம் அதைக் கல்வெட்டு என்று சொல்லும். முன்பக்கம் படம், உள்ளே வாழ்க்கை வரலாறு, பிறகு வம்சாவளி. ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் நாடு: கனடா, லண்டன், சுவிஸ். யார் எங்கே சிதறினார்கள் என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

போன இலையுதிர் காலத்தில் எழுபது தாண்டிய, ஒஜிப்வே என்கிற கனடியப் பழங்குடியைச் சேர்ந்த ஓர் அம்மா கடைக்கு வந்தார். டோர்செட் பார்க்கில் அவருடைய பக்கத்து வீட்டுத் தமிழர் கொடுத்த கல்வெட்டு ஒன்று கையில் இருந்தது. எப்போதோ இறந்துபோன தன் தகப்பனுக்கும் இப்படியே ஒன்று வேண்டுமாம், குடும்பம் கூடும்போது எல்லோருக்கும் கொடுக்க. தன் அக்காவின் பெயர் ஒருமுறையாவது அச்சில் வரவேண்டும் என்பதையும் இரண்டு தரம் சொன்னார்.

எதையும் துருவிக் கேட்காவிட்டால் எனக்குச் சோறு செமிக்காது. அட்டையில் குத்துவிளக்குப் போடட்டுமா என்று கேட்டதற்கு, கொக்கு வேண்டும் என்றார். தகப்பன் வழியில் வரும் குலத்தின் சின்னமாம் அது. அந்தத் தகப்பன் இரண்டாம் உலகப் போரில் கனடியப் படையோடு போய், டச்சுக்காரரின் நாடான ஒல்லாந்தை மீட்டவர். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தில் கோட்டை கட்டி எங்களை ஆண்டவர்கள் என்றேன். அப்படியென்றால் அப்பா ஆள் தெரியாமல் உதவி செய்துவிட்டார் என்று சிரித்தார்.

நான்கு பிள்ளைகளின் பெயர்களை எழுதித் தந்தார், நாடு எழுதவில்லை. எல்லோரும் இந்த நாட்டுக்காரர்தானே என்று, கைப்பழக்கத்தில் நால்வருக்கும் ‘கனடா’ போட்டுவிட்டேன்.

மாதிரிப் பிரதியைப் பார்த்தவர், அடைப்புக்குறிக்குள் ஏன் நாடு என்று கேட்டார். விளக்கினேன். என் கையிலிருந்த பேனையை வாங்கினார். அண்ணன்மார் இருவருக்கும் ‘கனடா’வை வெட்டி, இரண்டு பள்ளிக்கூடங்களின் பெயரை எழுதினார். பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிடுங்கி அரசாங்கம் அடைத்துவைத்த விடுதிப் பள்ளிகள் அவை. போருக்குப் பிறகு பிறந்த கடைக்குட்டியான தனக்கு டோர்செட் பார்க் என்று எழுதினார். அக்காவின் ‘கனடா’வை வெட்டியவர், அங்கே வேறொன்றும் எழுதவில்லை.

“அப்பா ஒல்லாந்தில் யாருடைய பிள்ளைகளுக்கோ ரொட்டி கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அக்காவையும் அப்படியொரு பள்ளிக்குக் கொண்டுபோனார்கள்; அவள் திரும்பி வரவேயில்லை. எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை. அது வெறுமையாகவே இருக்கட்டும்.”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை, கொக்கு நன்றாக வந்திருக்கிறது என்றார்.

அச்சுக்குப் போகுமுன் முதலாளி அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“உந்த அடைப்புக்குறியை ஏன் வெறுமையா விட்டனீர்? சனம் பிழையெண்டெல்லோ நினைக்கும்.”

“பிழையில்லை அண்ணை. அவ எங்கை எண்டு அவையளுக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை.”

அவர் தாளைத் திருப்பித் தந்துவிட்டு உள்ளே போனார். என் தகப்பனின் கல்வெட்டும் இதே கடையில்தான் அடித்தது. எங்கள் ஊரில் போர் முடிந்தபோது காணாமல் போன என் அண்ணனுக்கு, அடைப்புக்குறிக்குள் ‘இலங்கை’ என்று போட்டவன் நான்தான்.