நான் விலை கொடுத்து வாங்கிய விமர்சனம்

போன வருடம் ஏலக்காய் பறிப்பு நடந்துகொண்டிருந்த சமயம், போடிநாயக்கனூரில் எனக்கு நேர்ந்தது இது. எதையும் வரிசையாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

1. காய் உலர்த்தும் அறைகளுக்கு வெப்பமானி பொருத்துவது என் வேலை. அந்த அனுபவத்தில், ஏலக்காய் உலர்த்துவது பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதி அச்சிட்டேன்.
2. மூன்று மாதம் ஆகியும் அதைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை.
3. இணையத்தில் நூல் விமர்சனம் எழுதும் ஒருவர், கட்டணம் அனுப்பினால் எழுதுவதாகச் சொன்னார். அனுப்பினேன்.
4. இரண்டே நாளில் விமர்சனம் வந்தது. புத்தகத்தில் உள்ள சூட்டு அட்டவணைகளின்படி எல்லாம் செய்து பார்த்ததாகவும் அத்தனையும் துல்லியம் என்றும் எழுதியிருந்தார். அவர் ஏலக்காயைப் பாயசத்தில்தான் பார்த்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினேன்.
5. அதை நம்பி, குரங்கணிக்கு மேலே தோட்டம் வைத்திருக்கும் ஒரு பெண் புத்தகத்தை வாங்கினார்.

ஒரு நாள் காலையில் அவர் என் வெப்பமானிக் கடைக்கே வந்துவிட்டார். என் வயதுதான் இருக்கும். பையிலிருந்த காயை மேசையில் கொட்டினார். பழுப்பேறி, பாதிக்கு மேல் வெடித்திருந்தது.

"நீங்க எழுதுனபடிதான் செஞ்சேன்க்கா. மொதல்ல கூடுதல் சூடு, கடைசியில கம்மி. பாருங்க, கருவாடு மாதிரி கெடக்கு."

முப்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தேன். தொடக்கச் சூடும் கடைசிச் சூடும் இடம் மாறியிருந்தன. பிழை என்னுடையதுதான். பொருத்தும் ஒவ்வொரு கருவியையும் இரண்டு முறை சரிபார்க்கிற நான், அந்த அட்டவணையை ஒருமுறைகூடத் திரும்பப் பார்க்கவில்லை.

"செஞ்சு பாத்தேன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரே, அவரு எந்த மலையில காய் போடுறாரு?"

காசு கொடுத்து எழுத வைத்ததைச் சொன்னேன். அவர் மேசையில் கிடந்த ஒரு காயை எடுத்துக் காட்டினார்.

"ஏலத்துக்குக் காய் கொண்டாந்தா, வாங்குறவன் சாம்பிளப் பிரிச்சு, மென்னு பாத்துட்டுத்தான் வெல கேக்குறான். அவனுக்கு நாங்க காசு குடுத்துப் பேச வச்சா, ஏலம் எதுக்குக்கா?"

கெட்ட காய்க்கு நட்டஈடு தருவதாகச் சொன்னேன்.

"காசு குடுத்துத்தான இம்புட்டும் வந்துச்சு. அதப் பெறகு பேசுவோம். பறிச்ச காயி இன்னும் நாலு மூட்ட கெடக்கு. இன்னைக்கு அடுப்பு மூட்டலேன்னா அதுவும் போச்சு. வெரசா ஜீப்புல ஏறுங்க."

ஏறினேன். அவருடைய உலர்த்தும் அறையில் வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து விறகைக் கூட்டவும் குறைக்கவும் சொன்னேன். மறுநாள் அறையைத் திறந்தபோது காய் பச்சை நிறம் மாறாமல் காய்ந்திருந்தது. அவர் ஒன்றை எடுத்துப் பிரித்து, மென்று பார்த்து, தலையாட்டினார்.

கெட்ட காய்க்கான பணத்தைப் பிறகு வாங்கிக்கொண்டார். கூடவே குழுவில் இரண்டு வரி எழுதினார்: "பொஸ்தகம் நல்லாருக்கு. முப்பத்தேழாம் பக்கத்த மட்டும் நம்பாதீங்க." அதற்குப் பிறகுதான் மற்ற விவசாயிகள் என்னைக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள்.

விமர்சனம் எழுதியவரிடம் அதை நீக்கச் சொன்னேன். நீக்குவதற்குத் தனிக் கட்டணம் என்றார். கொடுக்கவில்லை.

ஒரு புத்தகத்தைப் படித்து எழுதுவதும் உழைப்புதான். அதற்குக் கூலி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கூலி புத்தகம் எழுதியவர் கையிலிருந்து போனால் யாருடைய அடுப்பில் போய் முடியும் என்று பார்த்துவிட்டேன்.

இன்றைய நிலை இதுதான். மிச்சமிருந்த பிரதிகளில் திருத்தச் சீட்டு ஒட்டிவிட்டேன். அந்த விமர்சனம் இன்னும் இணையத்தில் இருக்கிறது. அடுத்த பதிப்பில் அந்தப் பக்கம் சரியாக இருக்கும்; ஆனாலும் அதன் பின்னட்டையில் குரங்கணிக்காரர் எழுதிய இரண்டு வரியை மட்டும், ஒரு சொல்லும் மாற்றாமல் போடப்போகிறேன்.