முட்டை மலையை அடையாளம் கண்ட தபீதாள்

தபீதாளுக்கு நாற்பத்து மூன்று வயது. வீடு கூடுவாஞ்சேரியில், வேலை கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் ஆய்வகத்தில். நடுவே ரயிலில் ஜன்னலோரம். வண்டலூர் மலையை அவர் பதினெட்டு வருடமாகப் பார்த்துவருகிறார். இதற்காக அவருக்கு யாரும் சம்பள உயர்வு தந்ததில்லை. மாறாக, வேலை நேரத்தில் வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதாக ஒரு மெமோ தந்திருக்கிறார்கள். அதில் கையெழுத்துப் போடும்போதும் அவர் வேறெங்கோதான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது நேரில் கண்டவர்களின் வாக்குமூலம்.

ஆய்வகத்தில் அவர் வெறிப்பது ஒரு திரையை. மால்டி என்ற இயந்திரத்தின் திரை அது. காசநோய்க் கிருமிக்குச் சொந்தபந்தம் அதிகம். நூற்றுக்கும் மேற்பட்ட உறவினர்கள், மைக்ரோஸ்கோப்பில் எல்லாருக்கும் ஒரே ஜாடை. யார் யார் என்று பிரித்துச் சொல்வதுதான் மால்டியின் உத்தியோகம். கிருமியைச் சூட்டில் கொன்று, பொடி மணிகளோடு குலுக்கி உடைத்து, சாற்றை எஃகுத் தட்டில் பொட்டாக வைக்க வேண்டும். மால்டி அதன்மீது லேசரைப் பாய்ச்சும். புரதங்கள் காற்றில்லாத குழாய்க்குள் பறக்கும். லேசானவை முந்தும், கனமானவை பிந்தும். அவை வந்துசேரும் வரிசை திரையில் சிகரம் சிகரமாக எழும். கணினி அதைத் தன் சேமிப்போடு ஒப்பிட்டுப் பெயரும் மதிப்பெண்ணும் போடும்.

மற்றவர்கள் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். தபீதாள் மலைகளைப் பார்ப்பார். ஏசியின் முனகலில் அந்த மலைத்தொடர் மெல்ல நகர்வதுபோலிருக்கும். அடிவாரத்தில் பனி, சரிவில் பெயரில்லாத ஒரு கிராமம், உச்சியில் ஏதோ ஒரு வெளிச்சம். அங்கே குடக்கூலி எவ்வளவு இருக்கும் என்றுகூட அவர் யோசித்ததுண்டு.

அந்த மலைகளுக்கு நடுவேதான் பொன்னுசாமி வந்து சேர்ந்தார். மாடம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், எட்டு மாதமாக இருமல். காசநோய் இல்லை என்று ஒரு பரிசோதனை சொல்லிவிட்டது. ஆனால் சளியில் உறவினன் எவனோ குடியிருந்தான். முட்டை கலந்த பச்சைக் களியில் அவனை வளர்த்தார்கள். மூன்று வாரத்தில் வளர்ந்து, வெளிச்சம் பட்டதும் மஞ்சளானான். அப்படி மஞ்சளாகிறவர்களில் சந்தேகத்துக்குரியவர்கள் இருவர். கன்சாசி மாத்திரைக்கு அடங்குவான். சிமியே லேசில் அடங்கமாட்டான். திங்கட்கிழமைக்குள் பெயர் தெரியாவிட்டால் தினம் ஒரு ஊசி என்று டாக்டர் முடிவு செய்திருந்தார். அந்த ஊசி சிலருக்குக் காதைக் கெடுத்துவிடும்.

“காது பூட்ச்சின்னா ஹாரன் சத்தம் எப்டி கேக்கும் மேடம்?” என்று கவுன்ட்டரில் தபீதாளிடம் கேட்டார் பொன்னுசாமி.

“தாம்பரத்துல எவன்பா ஹாரன் சத்தத்தக் கேட்டு வண்டி ஓட்றான்?” என்றார் வரிசையில் பின்னால் நின்றவர்.

சனிக்கிழமை காலை பிரிவுத் தலைவர் ஜாய்சன் தானே முகமூடி மாட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார். கல்யாணப் பந்தியில் கேசரி பரிமாறும் தாராளத்தோடு அவர் கிருமியைச் சுரண்டினார். மால்டி போட்ட மதிப்பெண் ஒன்று புள்ளி மூன்று. இரண்டு வந்தால்தான் பெயரை நம்பலாம். மறுபடி சுரண்டினார். மறுபடி ஒன்று புள்ளி மூன்று.

“மெஷினே கெட்டுப்போச்சு. எழுதிடுங்கக்கா, அடையாளம் காண இயலவில்லைன்னு.”

தபீதாள் எழுதவில்லை. வழக்கமான குற்றத்தைச் செய்துகொண்டிருந்தார்.

“அக்கா! ட்ரீம்ஸா?”

“சார், இது கிருமி இல்ல.”

“பின்ன என்ன?”

“முட்டை.”

ஜாய்சன் முகமூடியைக் கழற்றினார்.

“மெஷின் வந்த புதுசுல, களிய மட்டும் வெச்சு ஓட்டிப் பாத்தோமே சார். அதே மலை. இடப்பக்கம் பெருசா ஒண்ணு, அது தோள்ல ரெண்டு குட்டி. நீங்க கிருமியோட சேத்துக் களியையும் அள்ளிட்டீங்க.”

“பதினோரு வருஷமா சுரண்டறேன்கா நான்.”

“தெரியுது சார்.”

கிருமி வளர்ந்த குப்பிகளில் மிச்சமிருந்தது ஒன்றுதான். தபீதாள் பாதுகாப்புப் பெட்டிக்குள் கைவிட்டு, மஞ்சள் மேட்டின் உச்சியை மட்டும், தூங்கும் குழந்தையின் நெற்றியில் முடி ஒதுக்குவதுபோல, அரை மணி நேரம் வழித்தார். கொன்றார், கழுவினார், குலுக்கினார், இரண்டு பொட்டு வைத்தார். வெளியே மழை, காற்றில் ஈரம், பொட்டு காயவே மனமில்லாமல் காய்ந்தது. ஜாய்சன் டீ குடிக்கப் போகவில்லை.

மாலை நான்கு மணிக்குத் திரையில் வேறொரு தேசத்து மலைகள் எழுந்தன. இரண்டு பொட்டிலும் கன்சாசி. மதிப்பெண் இரண்டு புள்ளி ஒன்று.

“இத எப்படிக்கா ரிப்போர்ட்ல எழுதறது, முதல்ல முட்டை வந்துச்சுன்னு?” என்றார் ஜாய்சன் தாழ்ந்த குரலில்.

“முட்டைக்கு ரிப்போர்ட் யாரும் கேக்கல சார்.”

திங்கட்கிழமை காலை கவுன்ட்டரில் தபீதாள் இருந்தபோது பொன்னுசாமி வந்தார். ரிப்போர்ட்டைத் தலைகீழாகவும் ஒருமுறை பார்த்தார்.

“இன்னா மேடம், ஊசியா, மாத்திரையா?”

நோயாளியிடம் ஊழியர்கள் முடிவைச் சொல்லக்கூடாது என்று தபீதாளுக்குப் பின்னால் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது.

“அத டாக்டர்தான் சொல்லணும்ணா. மாடிக்குப் போங்க.”

“அப்போ ஊசி இல்ல.”

“நான் ஒண்ணுமே சொல்லலையே!”

“நீ சொல்லல மேடம். மூஞ்சில கீது” என்று சொல்லிவிட்டு, லிஃப்ட்டுக்குக்கூட நிற்காமல், இருமிக்கொண்டே படியேறினார் பொன்னுசாமி.