அவருக்கு எப்படித் தெரியும்?

நான் அவருக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி காய்ச்சலில் இறந்து நான்கு வருடம் கழித்து என்னைக் கட்டிக்கொண்டார். பாபநாசம் பக்கம் நெல் விவசாயம். கல்யாணமான வருடம் முழுக்க என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குக் கிளம்பினால், "சாயங்காலம் போனாத்தான் கல்லு சுடாது" என்பார். வலங்கைமானில் அவருடைய சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்குப் போகும் வழியில், "இந்தக் கடையிலதான் முல்லை நெருக்கமா கட்டுவாங்க" என்று வண்டியை நிறுத்தினார். எல்லாம் அவளோடு வந்து தெரிந்துகொண்டதுதானே என்று உள்ளுக்குள் புழுங்குவேன்.

ஆடிப்பெருக்கு அன்று கூட்டமில்லாத ஒரு படித்துறைக்கு அழைத்துப் போனார். புது மஞ்சள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டே விட்டேன்.

"இங்கயும் அவளோடதான் வந்தீங்களா?"

அவர் படியில் உட்கார்ந்தார்.

"அவள எங்கயும் கூட்டிக்கிட்டுப் போனதில்ல. போயிட்டு வந்தவங்ககிட்ட எல்லாத்தையும் கேட்டு வச்சுக்கிட்டு எங்கிட்ட ஒப்பிப்பா, நாமளும் போகலாம்னு சொல்லிக்கிட்டே இருப்பா. குறுவை முடியட்டும்னேன், சம்பா முடியட்டும்னேன். விசேஷத்துக்குக்கூட நான் மட்டும் தலையக் காட்டிட்டு வந்துடுவேன். உனக்கும் அப்படிப் பண்ணிடக் கூடாதுன்னுதான்."

ஒரு வருடமாக நான் பொறாமைப்பட்டது, எங்கேயும் போகாமலே செத்துப்போன ஒருத்தி மேல்.

பொறாமை அடியோடு போய்விட்டது என்றால் அது பொய். அவள் சொன்னதெல்லாம் அவருக்கு இன்னும் மனப்பாடமாக இருக்கிறதே. ஆனால் இப்போதெல்லாம் பைக்கில் ஏறும்போது நானே கேட்கிறேன்.

"அக்கா அடுத்து எங்க போகணும்னு சொன்னாங்க?"