செம்பு, வெள்ளி, பொன்

'சலக் சலக்' என்று ஸ்பீக்கருக்குள் காசு கொட்டும் சத்தம் கேட்டால் போதும், பிலிமத்தலாவையில் மாமா வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் கொம்பியூட்டரைச் சுற்றிக் குந்திவிடுவார்கள். கலஹா தேயிலைத் தோட்டத்து லயத்து ஒற்றை அறை வீட்டிலிருந்து லீவுக்குப் போகும் எனக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே பெருமை, அரக்கர்களும் மந்திரவாதிகளும் உலவிய அந்த 'கேமின்' காசுக் கணக்கு எனக்கு மட்டுமே பிடிபட்டிருந்ததுதான்.

மாமாவின் மூத்த மகளுக்குச் சடங்கு நடந்த அன்று, ஹோல் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருக்க, நான் பெரிய மேதாவி மாதிரி விளக்கிக்கொண்டிருந்தேன். நூறு செம்புக்காசு ஒரு வெள்ளி, நூறு வெள்ளி ஒரு பொன். ஆனால் சந்தையில் பொன்முலாம் பூசிய செம்பையும் தலையில் கட்டிவிடுவார்கள், தேய்ந்த இடத்தில் சிவப்பாகத் தெரிந்தால் அது போலி.

அம்மாவின் முதுகில் தொங்கிக்கொண்டிருந்த மாமாவின் கடைக்குட்டி அதைக் கேட்டுவிட்டு, அம்மாவின் பின்கழுத்தைத் தொட்டுச் சொன்னாள்: "அத்தை, ஒங்க சங்கிலிக் கொக்கியும் செவப்பாத்தான் இருக்கு. அப்ப இது போலியா?"

அது 'கவரிங்' சங்கிலி. அசல் சங்கிலி அடகில் இருந்தது. அது வெளியே தெரியக் கூடாதென்றே அம்மா காலையிலிருந்து முந்தானையைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்தியிருந்தார். "சின்னப்புள்ள பேச்ச விடுங்க அண்ணி, சாப்பிட வாங்க" என்று மாமி நல்ல மனதோடுதான் சொன்னார். அந்த நல்ல மனதுதான் தாங்க முடியாமல் இருந்தது. யாரும் எங்களைப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

பேராதனையில் கலஹா பஸ் ஏறிய பிறகு அம்மா கேட்டார்.

"அந்த கேமுல அடகுக்கடை இருக்கா பாப்பா?"

"இல்லம்மா. விக்கலாம், வாங்கலாம், அவ்வளவுதான்."

"அப்ப அந்த ஊரு ஆளுங்க புள்ளைங்கள எப்படிப் படிக்க வைக்கிறாங்க?"

கேலியாகத்தான் கேட்டார், சிரிக்கவும் செய்தார். சங்கிலி என் டியூஷனுக்காகத்தான் போயிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீடு வரும்வரை அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அந்த கேமை நடத்தியவர்கள் எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். நான் சேர்த்த பொன்னெல்லாம் அதோடு போயிற்று. அம்மாவின் சங்கிலியும் அடகில் மூழ்கிவிட்டது. வேலை கிடைத்த பிறகு கண்டியில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் அதைப் போட்டுக்கொள்கிறார். விசேஷம் என்றால் மட்டும் கழற்றி அலுமாரியில் வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றோடு கிளம்புகிறார்.

"போட்டுட்டுப் போங்கம்மா, அசல்தானே" என்றேன், போன மாதமும்.

"கயிறுன்னா யாரும் தொட்டுப் பாக்க மாட்டாங்க பாப்பா" என்றார்.