அண்ணன் தம்பிக்குள் மீட்டர் எதற்கு

எங்கள் வீட்டு மாடியில் கம்ப்யூட்டர் கம்பெனி வந்தபோது நான் மாவு விற்றுக்கொண்டிருந்தேன். இட்லி மாவு. பீளமேட்டுப் பக்கம் அப்போது வேலைக்குப் போகும் பெண்கள் கூடிக்கொண்டே வந்தார்கள். அரிசி ஊறப் போட்டு ஆட்டி எடுக்க அவர்களுக்குப் பொழுது ஏது? சாயங்காலமானால் ஆளுக்கொரு பாத்திரத்தை, எங்கள் பக்கத்துப் பேச்சில் போசியை, தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். பின்கட்டில் பெரிய கிரைண்டர் ஒன்று போட்டிருந்தேன். அது என் வளையலை வைத்து வாங்கியது. வளையலைத் திருப்பியதும் அந்த மாவுக் காசில்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய எனக்கு, என் கையால் ஒரு வருமானம் வந்தது அதுதான் முதல்முறை. அதனால் அந்தக் கிரைண்டர்மேல் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. சாமி படத்துக்குப் பொட்டு வைக்கும் கையோடு அதற்கும் ஒரு பொட்டு வைப்பேன்.

என் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தார். தம்பியை இன்ஜினீயரிங் படிக்க வைத்தது அவர்தான். கொழுந்தனார் பெங்களூரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, இனிமேல் எல்லாம் இன்டர்நெட்தான் என்று சொல்லிக்கொண்டு ஊர் திரும்பினார். திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள் தங்கள் சரக்கை வெளிநாட்டு வியாபாரிகளுக்குக் கம்ப்யூட்டரிலேயே காட்டப்போகிறார்கள், அதற்கு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் மிஷின் வேண்டும், அதை வைக்க இடம் வேண்டும் என்றார். மாடியில் குடியிருந்த வாத்தியார் குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லி அந்த இடத்தைத் தம்பிக்குக் கொடுத்தார் இவர். வாடகை கிடையாது. தம்பியிடம் வாடகை வாங்குவார்களா?

முதல் நாள் பூசணிக்காய் சுற்றி உடைத்தோம். மிஷினுக்கு விபூதி இடப் போனேன்.

"அண்ணி, முன்னால வேண்டாமுங்க. உள்ள காத்தாடி ஓடுது, விபூதிய இழுத்துக்கும். சைடுல வெச்சுப்போடுங்க."

சைடில் வைத்தேன். "இதை எப்பத் தம்பி நிறுத்துவீங்க?" என்று கேட்டேன்.

"நிறுத்தவே கூடாதுங்கண்ணி. நாம தூங்கறப்பத்தான் அமெரிக்காக்காரன் முழிச்சிருப்பான். வந்து பாக்கறப்ப மிஷின் நின்னுருந்தா, கடைய மூடிட்டுப் போயிட்டான்னு நெனச்சுக்குவான்."

சில கம்பெனிக்காரர்கள் கொழுந்தனாரின் மிஷினிலேயே இடம் வாங்கிக்கொண்டார்கள். சிலர் சொந்த மிஷினையே கொண்டுவந்து எங்கள் மாடியில் வைத்தார்கள். அதெப்படி அடுத்தவன் மிஷினை நாம் வைத்துக்கொள்வது என்று இவர் கேட்டதற்கு, "நம்ம மாட்டுச் சாளைல பக்கத்துத் தோட்டத்துக்காரன் மாட்டைக் கட்டிக்கறது இல்லீங்களா? மாடு அவனுது, கட்டுத்தறி நம்மளுது. அவ்வளவுதானுங்கண்ணா" என்றார் கொழுந்தனார். இவருக்கு அது பிடித்துப்போயிற்று. மில்லில் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தீவனம் யார் போடுவது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

மிஷின்கள் சேரச் சேர ரூம் அடுப்படி போலக் காய்ந்தது. ஏசி வந்தது. ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று ஓட வேண்டும் என்று இன்னொரு ஏசியும் வந்தது. கரண்ட் போனால் தாங்குவதற்கு வரிசையாக பேட்டரிகள் வந்தன. மாடிக்குத் தனி கரண்ட் சர்வீஸ் கேட்டு எழுதிப் போட்டிருப்பதாகக் கொழுந்தனார் சொன்னார். அது இந்தா வருகிறது, அந்தா வருகிறது என்றுதான் இருந்தது. அதுவரைக்கும் மாடிக்குப் போனதெல்லாம் எங்கள் வீட்டு மீட்டர் வழியாகத்தான்.

ஈ.பி.காரர் வந்து மீட்டரைப் பார்த்தார். அட்டையில் எழுதப் போன கையை நிறுத்திவிட்டு, மறுபடியும் மீட்டரைப் பார்த்தார். "ஏனுங்கம்மா, ஊட்டுல கல்யாணம் காட்சி ஏதாச்சும் நடந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் இவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான்தான் சொன்னேன். "ஏனுங்க, மாடிக்கு ஒரு சப் மீட்டர் வெச்சுப்போடலாமுங்க. அங்க ஓடறது எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கலாம். தம்பியும் அதுக்குத் தக்கனக் குடுத்துருவாரு."

அவர் முகம் மாறிவிட்டது. "என்ன பேச்சுப் பேசற அம்மணி? அண்ணன் தம்பிக்குள்ள மீட்டர் வெக்கறதா? நாளைக்கு ஊருல என்ன சொல்லுவாங்க, ஒரே ஊட்டுல ரெண்டு மீட்டர் ஓடுது, பாகம் பிரிச்சுட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்களா? எங்கப்பன் செத்தன்னைக்கு அவன் கையப் புடிச்சு என்ற கைல குடுத்துட்டுப் போனாரு. அவன்கிட்டப் போயி கணக்குக் கேக்கறதா?"

எங்கள் பக்கம் அப்படித்தான். வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போகிற அண்ணன் தம்பிகளும் உண்டு. ஆனால் ஒரே கூரையின்கீழ் இருக்கும்வரை அளந்து கொடுப்பது, அளந்து வாங்குவது என்ற பேச்சே வரக்கூடாது. அளவு வந்துவிட்டால் பாகம் வந்துவிட்டது என்று அர்த்தம். சப் மீட்டர் பேச்சை அதோடு விட்டுவிட்டேன்.

ஆனால் பில் வந்தால் யாராவது ஒருவர் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்? அடுத்த தடவை கொழுந்தனார் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது இவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "கண்ணு, மேல இந்த மிஷினுங்க நெம்பக் கரண்ட் இழுக்குமா?"

"கம்ப்யூட்டர் என்னங்கண்ணா இழுக்கும், டி.வி. மாதிரித்தான். மோட்டார் ஓடறதுதானுங்க இழுக்கும்." ரசத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார். "அண்ணி கிரைண்டரு பெரிய மோட்டாருங்கல்ல?"

என் கிரைண்டர் ஓடும்போது வீடே அதிரும், வாஸ்தவம்தான். மேலே இருக்கிறவை தேனீ மாதிரி மெல்ல ரீங்காரம் போடும். என் கிரைண்டர் மத்தியானத்தில் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். அவை நிற்பதேயில்லை. ஆனால் சத்தம் போடுவதுதான் தின்னும் என்று இவர் மனதில் விழுந்துவிட்டது. கரண்ட்டைத் தின்பது மேலே ஓடும் ஏசி என்று நான் சொன்னேன். "ஏசி இல்லீன்னா மிஷின் நின்னுருமாமா" என்றார் இவர். அதோடு ஏசி பேச்சு முடிந்தது. என் கிரைண்டர் நின்றால் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

"ஒரு பில்லுக்கு மட்டும் ஆட்டாம இருந்து பாக்கலாமா? கம்மியாச்சுன்னா தெரிஞ்சுபோகும்" என்றார். கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். அதட்டியிருந்தால் நான் மறுத்திருப்பேனோ என்னவோ.

நிறுத்தினேன். போசியோடு வந்தவர்களிடம் கிரைண்டர் ரிப்பேர் என்று பொய் சொன்னேன். இரண்டொரு நாள் கேட்டுப் பார்த்துவிட்டு அடுத்த வீதியில் புதிதாக மாவு போட ஆரம்பித்திருந்த ஒருத்தியிடம் போக ஆரம்பித்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் பிள்ளைகளுக்கு இட்லி வேண்டுமே. கிரைண்டர்மேல் ஒரு பழைய சேலையைப் போட்டு மூடி வைத்தேன். வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போது மட்டும் சேலையை விலக்கிப் பொட்டு வைத்துவிட்டு மூடுவேன்.

பில் வந்தது. முந்தினதைவிடக் கூடத்தான் இருந்தது.

"வெயில் காலமுங்கண்ணா" என்றார் கொழுந்தனார். அதுவும் உண்மைதான். மேலே இன்னும் இரண்டு மாடு வந்து கட்டியிருந்ததும் உண்மைதான்.

இவர் என்னைப் பார்த்து, "சரி, நீ ஆட்டிக்க" என்றார். அவ்வளவுதான் தீர்ப்பு. போன வாடிக்கையை யார் கூப்பிட்டுத் தருவார்கள்? மறுபடியும் ஒவ்வொரு வீடாகப் போய், ரிப்பேர் சரியாகிவிட்டது என்று இன்னொரு பொய் சொன்னேன். பாதிப் பேர் வந்தார்கள்.

இதெல்லாம் ஆன பிறகு ஒரு நாள் திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனி முதலாளி வந்தார். கொழுந்தனார் வெளியே போயிருந்தார். வந்தவரை உட்காரவைத்து மோர் கொடுத்தேன். வெள்ளை வேட்டி, நெற்றியில் பட்டையாக விபூதி. பார்த்தால் நம் வீட்டு ஆள் மாதிரி இருந்தார். மோரைக் குடித்துவிட்டு மேலே அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"நம்ம மிஷினும் மேல ஒண்ணு இருக்குதுங்கம்மா. பொண்ணக் கட்டிக்குடுத்த மாதிரி. நாம பெத்தோம், உங்க ஊட்டுல வாழுது. மாசாமாசம் சீரு செய்யறது மட்டும் நிக்க மாட்டேங்குது."

"வாடகைங்களா?"

"இடத்துக்கு வாடகை தனிங்க. இன்டர்நெட் லைனுக்குத் தனி. கரண்ட்டுக்கும் தனியா வாங்கறாருங்க உங்க கொழுந்தனாரு. ஏசிக்கும் சேத்தித்தான். எங்க தறிகூட இத்தன கரண்ட் திங்காதுங்கன்னு சொன்னேன். ஈ.பி. பில்லு அப்பிடி வருதுங்க, நான் கைக்காசையா போடறதுன்னு கேட்டாரு. அதும் நாயந்தானுங்களே."

நியாயம்தான் என்று நானும் சொன்னேன். வேறு என்ன சொல்வது? மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். எதுவும் வேண்டத் தோன்றவில்லை. எல்லா மாட்டுக்காரனிடமும் தீவனக் காசு வாங்கியிருக்கிறார். தீவனம் போட்டது நாங்கள். பழி என் கிரைண்டருக்கு.

இவர் மில்லிலிருந்து வந்ததும், சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்திருந்து சொன்னேன். எழுந்துபோய்க் கையைக் கழுவினார். பிறகு தம்பியைச் சாப்பிடக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கேட்டது இவ்வளவுதான்: "ஏங்கண்ணு, கரண்ட்டுக்குன்னு காசு வாங்கறயாமா?"

கொழுந்தனார் மழுப்பவில்லை. "ஆமாங்கண்ணா. எல்லா ஊர்லயும் அதுதான் வழக்கம். கரண்ட் சார்ஜுன்னு தனியா போடாட்டி சின்னக் கம்பெனின்னு நெனச்சுக்குவாங்க. அந்தக் காசு பேட்டரிக்குப் போச்சு, ரெண்டாவது ஏசிக்குப் போச்சு. தொழில் நெலச்சு நின்னதும் மொத்தமா உங்க கைல குடுத்தர்றனுங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "அண்ணி, கஸ்டமருங்க வந்தாத் தண்ணி குடுங்க, போதும். தொழில் பேச்செல்லாம் பேச வேண்டாமுங்க."

இவர் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். தம்பியின் தட்டில் ரசம் இல்லை, ஊற்று என்றார்.

அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக இவரிடம் குரலை உயர்த்தினேன். கொழுந்தனார் மேலே போன பிறகுதான், அவர் முன்னால் அல்ல. மாடிக்கு மீட்டர் வைத்தே ஆக வேண்டும் என்றேன். "என்ற பேரைக் கெடுத்தீங்க, என்ற வாடிக்கையக் கெடுத்தீங்க. இன்னும் எதுக்குங்க நான் வாய மூடிட்டு இருக்கோணும்?"

இவர் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆள் ஏணியை மாடிப்படிப் பக்கம் கொண்டுபோகவில்லை. பின்கட்டுக்குக் கொண்டுபோனார்.

"கிரைண்டருக்கு மட்டும் ஒண்ணு வெச்சரலாம் அம்மணி" என்றார் இவர். "உன்னுது எவ்வளவுன்னு தெரிஞ்சுபோச்சுன்னா மிச்சமெல்லாம் மேலன்னு ஆயிருதல்ல? அவன் மனசும் நோகாது. நீயும் தொழில்தான பண்ற, உன்ற யூனிட்டுக்கு உன்ற மாவுக் காசுல குடுத்தீன்னா பில்லுக்கும் ஒத்தாசையா இருக்கும்."

அவர் அதைக் கபடமாகச் சொல்லவில்லை. நல்ல யோசனை கண்டுபிடித்துவிட்ட மனுசனின் முகம் அது. அண்ணன் தம்பிக்குள் வைத்தால் பாகம். புருசன் பெண்டாட்டிக்குள் வைத்தால் ஒத்தாசை. எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பிக்கொண்டு சுவரில் ஆணி அடித்தார்.

அடுத்த பில்லில் என் பங்கு ஏழெட்டுப் போசி மாவு விலைகூட வரவில்லை. எடுத்து வைத்துவிட்டேன். மிச்சமெல்லாம் மேலே என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இவர் மில்லில் முன்பணம் வாங்கிக் கட்டினார். கட்டிவிட்டு, "இந்த வருசம் கோயிலுக்குப் போக முடியாது அம்மணி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார்.

எங்கள் குலதெய்வம் தாராபுரத்துக்கு அந்தப்பக்கம் இருக்கிறது. கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு வருசம்கூட நாங்கள் பொங்கல் வைக்காமல் விட்டதில்லை. அதற்கு மட்டும் என்னால் சரி என்று சொல்ல முடியவில்லை. மாவுக் காசில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். இவர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து பையைத் தூக்கிக் கொடுத்தார்.

பொங்கல் பொங்கி இறக்கி, தேங்காய் பழத்தட்டைப் பூசாரியிடம் நீட்டினேன். "யாரு யாரு பேருக்குங்கம்மா?" என்று கேட்டார். இவர் பேரைச் சொன்னேன். பிள்ளைகள் பேரைச் சொன்னேன். அதற்கு அடுத்து எப்போதும் கொழுந்தனார் பேரைச் சொல்வேன். அவர் படிக்கிற காலத்திலும், பெங்களூரில் இருந்த காலத்திலும், அவருக்கு நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்று நான் அந்த வாசலில் அழுது வேண்டியிருக்கிறேன்.

"அவ்வளவுதானுங்களா?" என்றார் பூசாரி.

"அவ்வளவுதானுங்க" என்றேன்.

பெரிய மகள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பூசாரி மணியை அடித்துக்கொண்டு உள்ளே போனார்.