ஒழுங்கைக்குள் வராத பெட்டி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து பாமன்கடைப் பக்கமாகப் பிரிகிற ஒழுங்கைகளில் அது ஒன்று. நேரே போய் வாய்க்கால் மதிலில் முட்டி நின்றுவிடும். மறுபக்கம் வழி கிடையாது. எதிரெதிரே இரண்டு கார் வந்தால் ஒன்று பின்னுக்குப் போகத்தான் வேண்டும். அந்த ஒழுங்கையில் யார் செத்தாலும் முதலில் தட்டுகிற கேற் சாந்தகுமாருடையது.

துறைமுகத்தில் இலிகிதர் வேலை பார்த்த மனிதர். யாரும் அவரைத் தலைவராகத் தெரிவு செய்யவில்லை. ஆனாலும் ஒரு சாவு என்றால் லீவு போட்டுவிட்டு நிற்பார். டொக்டரின் துண்டு, பதிவுகாரர், குருக்கள், கூடாரம், கதிரை எல்லாம் அவர் பொறுப்பு. இவற்றுக்கெல்லாம் முன்னால் செய்கிற வேலை ஒன்று இருந்தது. ஒழுங்கை வாயில் குறுக்கே கயிறு இழுத்து வெள்ளைக்கொடி கட்டுவார். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் சொல்லத் தேவையில்லை. சிங்களவரோ முஸ்லிமோ தமிழரோ, கொடியைக் கண்டால் லொறிக்காரர் உள்ளே திரும்பமாட்டார். மேசன் சாந்தகப்பையைக் கீழே வைப்பார். ரேடியோக்கள் வாயை மூடும்.

முற்றம் இல்லாத வீட்டுக்காரர்கள் பிரேதப் பெட்டியைச் சாந்தகுமாரின் வளவில்தான் வைத்தார்கள். ஓட்டுக்கூரை போட்ட ஒற்றை மாடி வீடு, முன்னால் நல்ல முற்றம். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் எரித்தார்கள். அவரும் மனைவி ஜெகதீஸ்வரியும் திரும்பி வந்து, கரியைக் கழுவி, மறுபடி கூரை போட்டார்கள். எரித்தவர்களால் எடுக்க முடியாத வீட்டை ஒரு பில்டர் பேனையால் எடுத்தான்.

"காணியைத் தாருங்கள், கட்டுகிற மாடியில் இரண்டு பிளாற் தருகிறேன்" என்றான். ஒழுங்கையில் பாதிப் பேர் அதற்குள் கொடுத்துவிட்டார்கள். ஒரு பிளாற்றில் தாங்கள் இருக்கலாம், மற்றது லண்டனில் இருக்கும் மகள் சுபோதினி திரும்பி வந்தால் இருக்க என்று சாந்தகுமார் கணக்குப் போட்டார்.

"மண்ணைக் குடுத்துப்போட்டு ஆகாயத்தில இருந்து என்னப்பா செய்யிறது?" என்று ஜெகதீஸ்வரி கேட்டாள்.

"எல்லாரும் குடுக்கினம். நாங்கள் மட்டும் நடுவில கிடந்து இருட்டுக்குள்ள சாகிறதே?"

அவள் ஒப்பமிட்டாள், விரும்பி அல்ல. மகள் வரவில்லை. மற்ற பிளாற் வாடகைக்குப் போனது.

பில்டரின் கடதாசியில் மரங்கள் வரைந்திருந்தன. மரம் வரவில்லை, மாடி வந்தது. ஒழுங்கையின் அகலம் அதேதான். தண்ணீர்க் குழாயும் கழிவு வாய்க்காலும் அதேதான். வீடுகள் மட்டும் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்தன. மழை பெய்தால் கக்கூசுத் தண்ணீர் மூடியைத் தள்ளிக்கொண்டு ரோட்டுக்கு வந்தது. பெரிய மோட்டார் வைத்த கட்டடம் குடித்தது, சின்ன மோட்டார்க்காரர் வாளியோடு நின்றார்கள். காலையில் பள்ளிக்கூட வான்கள் ஒன்றையொன்று பார்த்து உறுமின. கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் காற்று இந்தப் பக்கம் வருவதில்லை. பட்டப்பகலில் லைற் போட்டுத்தான் அரிசி புடைக்க வேண்டும். இதற்கு வளர்ச்சி என்று பெயர் வைத்து, சதுர அடிக் கணக்கில் விற்றார்கள்.

ஜெகதீஸ்வரி அழவில்லை. பகிடி பண்ணினாள். நாலாம் மாடியிலிருந்து கீழே இறங்கி, கார்கள் நிற்கிற நிலத்தளத்தால் நடந்து போகும்போதெல்லாம் கணவனின் கையில் தட்டுவாள். "இதில குசினி. இந்தத் தூணடி ஹோல். இஞ்ச பாருங்கோ, பிரியந்தன்ர கார் எங்கட சாமியறைக்குள்ள நிக்குது. செருப்போட."

பிரியந்தன் அந்தக் கட்டடத்துக் கொமிற்றியின் செயலாளன். வவுனியாப் பிள்ளை, வங்கியொன்றில் கம்பியூட்டர் வேலை. அவனும் கேட்டுச் சிரிப்பான். "பால்ரின்னும் கற்பூரமும் கொண்டு வரட்டோ அன்ரி?" என்பான்.

பிறகு அவளுக்கு ஈரலில் வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இஞ்சாருங்கோ, என்னை நேர மலர்ச்சாலையில இருந்து கொண்டு போயிடாதேங்கோ. அங்க பிரேதம் வைக்க மணிக்கணக்குக்கு ஹோல் குடுக்கிறாங்கள். பொன்னுத்துரையற்ற மனுசி அழுது முடியேல்ல, அடுத்த பெட்டி வாசலில வந்து நிண்டது. என்னை ஒருக்கா வீட்டை கொண்டு வாங்கோ."

"பெட்டி லிஃப்டுக்குள்ள வராதப்பா. நிமித்தி வைச்சுத்தான் ஏத்தோணும். படியிலயும் திருப்பேலாது."

"அப்ப கீழ வையுங்கோவன். கீழதானே எங்கட வீடு."

அவர் தலையாட்டினார். ஊராரின் சாவுகளில் அவர் எத்தனையோ வாக்குக் கொடுத்து நிறைவேற்றியவர். இது ஒரு பெரிய காரியமாக அவருக்குத் தெரியவில்லை.

அவள் போன அன்று பிரியந்தனைக் கூப்பிட்டுச் சொன்னார். கார்களை ஒரு காலைக்கு எடுக்க வேண்டும். பெட்டியைத் தூணடியில் வைத்து, கிரியை முடித்து, பதினொரு மணிக்குக் கனத்தை மயானத்துக்குக் கொண்டு போக வேண்டும். அங்கே தகனத்துக்குக் கிடைத்த நேரம் அது.

பிரியந்தன் மாலையில் வந்தான். "வட்ஸ்அப் குறூப்பில போட்டனான் அங்கிள். முக்கால்வாசிப் பேர் ஓமெண்டிட்டினம்."

"மிச்சம்?"

"ஒராள், பிரேதத்தைப் பார்க்கிங்கில வைச்சா பிளாற்றின்ர பெறுமதி விழுந்திடும் எண்டு எழுதினவர். பிறகு வெட்கப்பட்டுத் தானே அழிச்சுப்போட்டார். எல்லாரும் எடுப்பினம். நான் எடுப்பிக்கிறன்."

எடுப்பித்தான். அதைச் சொல்லாமல் விடக் கூடாது. சுபோதினி லண்டனிலிருந்து வந்து இறங்கிய பின்னேரம், நிலத்தளம் வெறுமையாகக் கிடந்தது. காவலாளி காளியப்பன் எண்ணெய்க் கறையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தூண்களுக்கு மேலே வெள்ளை கட்டினார்கள். முகம் தெரியாத குடும்பங்கள் தங்கள் கார்களைத் தெஹிவளை வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்தன.

சாந்தகுமார் பிரியந்தனையும் கூட்டிக்கொண்டு கொடி கட்டப் போனார். ஒழுங்கை வாயில் மர்ஸூக்கின் ஹாட்வெயார் கடை. வாப்பா காலத்திலிருந்து அதே இடம். மர்ஸூக் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நின்றார்.

"நம்ம போர்டுலயே கட்டுங்க அண்ணன். கேக்கவும் வேணுமா? ஜெகா அக்கா மவுத்தாகி, நான் யாவாரம் பாக்கவா?"

அந்தப் போர்டில் ஏற்கெனவே ஒரு கொடி தொங்கியது. மழையில் ஊறிச் சாம்பல் நிறமாகியிருந்தது.

"இது ஆற்றை கொடி மர்ஸூக்?"

"தெரியாண்ணன். அந்தப் பச்சை பில்டிங்ல யாரோ. ரெண்டு கெழம ஆகிட்டு. கட்டினவங்க அவுக்க வரல்ல."

கட்டினவர்தான் அவிழ்க்க வேண்டும் என்பது ஒழுங்கை வழக்கம். சாந்தகுமார் அதைத் தொடவில்லை. அதற்கு மேலே தன்னுடையதைக் கட்டினார். அவருடைய ஒழுங்கையில் ஒரு சாவு நடந்து, அது யாருடையது என்று அவருக்கே தெரியாமல் போயிருக்கிறது. அது கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அன்றைக்கு யோசிக்க வேறு விஷயங்கள் இருந்தன.

திரும்பி வரும்போது, எதிரே எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தைப் பிரியந்தன் நிமிர்ந்து பார்த்தான்.

"அங்கிள், இந்த சைற்காரருக்கும் ஒரு சொல்லுச் சொல்லிவிடுவமே?"

"கொடி கட்டியாச்சுத் தம்பி. அதுக்கு மேல என்னத்தைச் சொல்லுறது?"

பிரியந்தன் அத்தோடு விட்டுவிட்டான். இந்த விஷயத்தில் சாந்தகுமாருக்குச் சொல்லிக்கொடுக்க அவன் யார்?

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு, இரவே மலர்ச்சாலைக்குப் போயிருந்த சாந்தகுமாரையும் மகளையும் ஏற்றிக்கொண்டு மலர்ச்சாலை வண்டி காலி வீதியில் வந்து நின்றது. நின்றது நின்றதுதான். ஒழுங்கைக்குள் மதிலுக்கு மதில் அடைத்துக்கொண்டு கொங்கிரீட் லொறிகள், ஒன்றன் பின் ஒன்றாக. வயிறுகள் சுழன்றுகொண்டிருந்தன. பம்புக் குழாய் ரோட்டுக்குக் குறுக்கே ஏறி ஆறாம் தட்டுக்குப் போனது. விடியமுன்னமே ஊற்றத் தொடங்கிவிட்டார்கள். பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கினால் ஒரு ஆள் போகலாம். பெட்டி போக வழியில்லை.

சாந்தகுமார் அப்படித்தான் எக்கிக்கொண்டு சைற் வாசலுக்குப் போனார். வெள்ளை வேட்டியில் சீமெந்து அப்பியது. இளம் சிங்கள எஞ்சினியர் ஒருவன் ஓடி வந்தான். இவருடைய நெற்றியையும் வேட்டியையும் கண்டதும் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

சாந்தகுமார் சிங்களத்தில் கேட்டார். "கொடியைக் காணவில்லையா தம்பி?"

"கண்டேன் அங்கிள்" என்றான். பொய் சொல்லவில்லை. "ஆனால் இந்த லேனில் எப்போதும் கொடி இருக்கிறதே. நான் வந்த நாளிலிருந்து இருக்கிறது. பழையது என்று நினைத்தேன்."

 கொஞ்சம் நிறுத்தி லொறிகளைப் பின்னுக்கு எடுக்கமுடியுமா என்று சாந்தகுமார் கேட்டார்.

"நவத்தன்ன பே, அங்கிள்." நிறுத்த ஏலாது. ஊற்றத் தொடங்கிய தட்டை நடுவில் விட்டால் அந்த இடத்தில் வெடிக்கும். லொறிகளுக்குப் பின்னால் காலி வீதியின் காலை நெரிசல். ஒரு மணிக்குப் பிறகு வழி விடலாம் என்றான். அவனுக்குக் கண் கலங்கியது. தன் வீட்டிலும் ஒரு அம்மா இருப்பதாகச் சொன்னான். அவனைத் திட்டுவதற்குச் சாந்தகுமாரிடம் ஒன்றும் இருக்கவில்லை.

மலர்ச்சாலைக்காரர் கனத்தைக்குப் போன் எடுத்தார். பதினொரு மணியை விட்டால் நாளை மறுநாள்தான். சுபோதினி தகப்பனின் முழங்கையைப் பிடித்தாள்.

"அப்பா, அம்மா எனக்காண்டி ஏற்கெனவே கிடந்திட்டா. இனியும் அந்த ஐஸுக்குள்ள வையாதேங்கோ. காணும்."

"வீட்டை கொண்டு வாறன் எண்டனான் பிள்ளை."

"அவவுக்கு விளங்கும்."

"அவவுக்கு விளங்கும். எனக்கு?"

மர்ஸூக்தான் அசைந்தார். ஒன்றும் கேட்காமல் கடை வாசலில் அடுக்கியிருந்த வாளிகள், தும்புத்தடிகள், பெயின்ற் ரின்கள் எல்லாவற்றையும் உள்ளே தள்ளினார். இரண்டு மேசையை இழுத்து ஒட்டிப் போட்டார். வீட்டுக்கு ஆள் அனுப்பிப் புதுப் படுக்கை விரிப்பு எடுப்பித்து மேலே விரித்தார்.

"அண்ணன், இஞ்ச வைங்க. இதுவும் அக்காட வீடுதான்."

நடைபாதையில் வைத்தார்கள். குருக்கள் அவசரமாகத் தொடங்கினார். நிலத்தளத்தில் காத்திருந்தவர்கள் லொறிகளுக்கும் மதிலுக்கும் நடுவால் ஒவ்வொருவராக நசுங்கி வந்து சேர்ந்தார்கள். பெண்களின் சேலையெல்லாம் சீமெந்து. வாய்க்கரிசி போடும் நேரம் 100 ஆம் இலக்க பஸ் ஒன்று அருகில் நின்று ஹோர்ன் அடித்தது. கொண்டக்டர் எட்டிப் பார்த்துவிட்டு ட்றைவரின் முதுகில் தட்டினான். ஹோர்ன் நின்றது. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் ஜெகதீஸ்வரியின் முகத்தைப் பார்த்தார்கள். அவளுடைய சொந்தக்காரர் பலருக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

ட்றபிக் பொலிஸ்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். திரும்பவும் பார்த்தார்.

பெட்டியைத் தூக்கினார்கள். பெண்கள் வீட்டு வாசல் படலையோடு நின்றுவிடுவது வழக்கம். அதற்கு அப்பால் ஆண்கள்தான் போவார்கள். சுபோதினி நாலைந்து அடி வந்து, சுற்றிப் பார்த்தாள்.

"நான் எதில நிக்கிறது அப்பா?"

எத்தனை சாவில் எத்தனை பெண்களை 'இதோட நில்லுங்கோ பிள்ளை' என்று மறித்த மனிதர். நடைபாதையைப் பார்த்தார், பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார், கடையைப் பார்த்தார்.

"நிக்க இடமில்லை. நீயும் வண்டியில ஏறு" என்றார்.

அவர் கனத்தையால் திரும்பி வந்தபோது மூன்று மணி தாண்டியிருந்தது. லொறிகள் போய்விட்டன. ஒழுங்கை விரியத் திறந்து கிடந்தது. சைற் ஆட்கள் ரோட்டைத் தண்ணீர் அடித்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். இப்போது நாலு பெட்டிகள் பக்கம் பக்கமாகப் போகலாம்.

நிலத்தளத்தில் வெள்ளை கட்டியபடியே இருந்தது. தூணடியில் பெட்டி வைக்கப் போட்ட நீள வாங்கு. அதன் தலைமாட்டில் வைத்த குத்துவிளக்கைக் காளியப்பன் அணையவிடவில்லை.

"ஐயா வாற வரைக்கும் ஒரு வண்டியும் விடாதீங்கன்னு பிரியந்தன் ஐயா சொன்னாரு" என்றார் அவர். "வெளியில ரெண்டு மூணு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க."

சாந்தகுமார் தூணடிக்குப் போனார். விளக்கை எடுத்து ஓரமாக வைத்தார். காளியப்பனும் அவருமாக வாங்கை மதிலோடு தள்ளினார்கள்.

"வரச் சொல்லுங்கோ" என்றார்.

முதலில் வந்தது ஒரு சின்ன நீலக் கார். ஒரு இளம் பெண், பின்சீற்றில் தூங்குகிற குழந்தை. சாந்தகுமாருக்கு அவளைத் தெரியாது. அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"சொறி அங்கிள், நாங்கள் ஏழாம் மாடி. மெசேஜ் பார்த்துத்தான் காரை எடுத்தனாங்கள். ஆர் அங்கிள் மோசம் போனது?"

"நாலாம் மாடி. ஜெகதீஸ்வரி எண்டு."

அவள் நினைவுபடுத்திப் பார்த்தாள். முகம் வரவில்லை. "கண்டிருப்பன். எனக்குச் சரியாத் தெரியேல்ல. உங்களுக்குச் சொந்தமோ அங்கிள்?"

"என்ர மனுசி."

அவள் வாயில் கையை வைத்தாள். பின்னால் அடுத்த கார் ஹோர்ன் அடித்தது. மெல்லத்தான் அடித்தது.

"பரவாயில்லைப் பிள்ளை, பின்னால குழந்தை நித்திரை. உள்ளுக்கு எடுங்கோ." சாந்தகுமார் பின்னுக்கு நகர்ந்து, கையைக் காட்டத் தொடங்கினார். "வாங்கோ... வாங்கோ. இடது பக்கம் தூண், பார்த்து. இன்னும் கொஞ்சம் வரலாம். வாங்கோ. காணும், நில்லுங்கோ."