ஆணியில் தொங்கிய பல்பு

டோம்பிவிலியில் நான் குடியிருக்கும் ஃப்ளாட்டில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி இருக்கிறது. அதில் ஒரு துணிப்பை. பைக்குள் ஓர் அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு குண்டு பல்பு. அட்டை பழுப்பேறி, மூலைகள் பிய்ந்து, தொட்டால் தூளாக உதிர்கிறது. பல்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே இழை அறுபடாமல் அப்படியே தெரிகிறது. எனக்குத் தெரிந்து அந்தக் காலத்திலிருந்து முழுசாக மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். நானே அவ்வளவு முழுசாக இல்லை.

அந்தப் பல்பை வாங்கியவர் அண்ணாச்சி. உறவுமுறையில் அண்ணன் இல்லை. ஒரே ஊர், என்னைவிடப் பெரியவர், அதனால் அண்ணாச்சி. அறுபதுகளின் தொடக்கத்தில் நான் தாராவிக்கு வந்து இறங்கியபோது, தோல் பதனிடும் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த எங்கள் ஊர்க்காரர்களின் கோலியில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர் அவர். கோலி என்றால் ஓர் அறை. தகரக் கூரை, பலகைச் சுவர், மண் தரை. அதில் ஊரின் பாதி ஆண்கள் இருந்தார்கள் என்று சொன்னால் மிகை, ஆனால் அப்படித்தான் தோன்றும். பகல் ஷிப்டு போகிறவன் எழுந்த பாயில் இரவு ஷிப்டு முடித்து வந்தவன் படுப்பான். பாய் ஆறுவதே கிடையாது.

சுவரில் வரிசையாக ஆணிகள் இருந்தன. ஆளுக்கு ஓர் ஆணி. சட்டை, பை, ஜெபமாலை, கண்ணாடி எல்லாம் அந்த ஒரே ஆணியில் தொங்க வேண்டும். கோலியில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவன் ஊரோடு போய்விட்டால் தன் துணிமணிகளை எடுத்துக்கொள்ளலாம், ஆணியைப் பிடுங்கக் கூடாது. அடுத்து ஊரிலிருந்து வருகிறவனுக்கு அது வேண்டும். வந்த அன்று எனக்கு அண்ணாச்சி காட்டிய முதல் பொருள் ஆணிதான். "ஏல, இதான் ஒன் எடம். இதுல தொங்குறதுதான் ஒன் சொத்து" என்றார். என்னிடம் அதில் மாட்டுவதற்கு ஒரு சட்டைகூட உபரியாக இல்லை. போட்டிருந்ததைக் கழற்றி மாட்டிவிட்டு வெறும் உடம்போடு உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் எல்லோரும் ஏன் அங்கே இருந்தோம் என்று இன்றைக்குப் பிள்ளைகள் கேட்டால், பஞ்சம், மழை இல்லை என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவது வழக்கம். அது முழு உண்மை இல்லை. எங்கள் ஊர்க் கிணறுகளில் தண்ணீர் இருந்தது. ஆழத்தில் இருந்தது. அதை மேலே கொண்டுவருவதுதான் பாடு. விடியுமுன்னே ஒரு ஜோடி மாட்டைக் கமலையில் பூட்டி, மதியம் வரை முன்னும் பின்னும் நடத்தினால், நாலு பாத்தி நனையும். அதற்குள் முதல் பாத்தி காய ஆரம்பித்துவிடும். சொந்த நிலமில்லாத என் அப்பா அடுத்தவர் கிணற்றில் கமலை இறைத்தே இடுப்பு ஒடிந்தவர். அண்ணாச்சிக்கு நிலம் இருந்தது, கிணறு இருந்தது, மாடு இருந்தது. ஒரு கோடையில் ஜோடியில் ஒன்று செத்துப்போனது. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதையும் விற்று ரயில் ஏறினார். அவர் மனைவி, எங்களுக்கு மதினி, கைக்குழந்தையோடு ஊரில். கண்ணுக்குத் தெரிகிற தண்ணீரை விட்டுவிட்டு வந்தவர் என்பதால் அவருக்கு ஊர் நினைப்பு மற்றவர்களைவிட அதிகமாகவே அரித்தது.

பகல் முழுக்கச் சுண்ணாம்புத் தொட்டியில் தோலைப் புரட்டுவார். கை வெடித்து, நகக்கண் வெளுத்திருக்கும். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொள்வார். யாராவது ஊரிலிருந்து வந்து இறங்கினால், மற்றவர்கள் அம்மா சௌக்கியமா, கோயில் அசன விருந்து எப்படி நடந்தது என்று விசாரிப்பார்கள். அண்ணாச்சி எண்ணெய்க் கையோடு எழுந்து வந்து ஒன்றே ஒன்றுதான் கேட்பார். "கம்பி இழுத்துட்டானுவளா?"

ஊருக்குக் கரண்டு வரப்போகிறது, ரோட்டோரம் கம்பம் நட்டுவிட்டார்கள் என்ற சேதி வந்த வாரம்தான் அவர் பல்பு வாங்கினார். மாஹிமில் ஒரு மின்சாமான் கடை. நானும் கூடப் போயிருந்தேன். நல்ல பல்பாகக் கொடு என்று தனக்குத் தெரிந்த இந்தியில் அவர் கேட்க, கடைக்காரர் ஒன்றை எடுத்து ஹோல்டரில் மாட்டி எரியவிட்டுக் காட்டினார். அண்ணாச்சி கண்ணைச் சுருக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்காரர் அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி வரும் வழியெல்லாம் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார், பஸ்ஸில் யாரையும் இடிக்கவிடவில்லை.

எங்கள் கோலியிலோ கரண்டு கிடையாது. ஓர் அரிக்கேன் விளக்குதான். பம்பாய் என்றாலே இரவும் பகலாக எரியும் ஊர் என்று எங்கள் ஊரில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மாட்டுங்கா பக்கம் அது உண்மையும்கூட. நாங்கள் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோம். அந்த இருட்டுக் கோலியில், தன் ஆணியில், பெட்டியோடு பல்பைத் தொங்கவிட்டார் அண்ணாச்சி. கிண்டலுக்குக் கேட்க வேண்டுமா? விளக்கில் எண்ணெய் தீர்ந்தால் உடனே எவனாவது, "அண்ணாச்சி, ஒம்ம பல்ப கொஞ்சம் பத்தவையும் வே" என்பான். அவருக்குக் கோபம் வராது. "அது வீட்டுக்கு உள்ளது" என்பார். முதல் விளக்கைத் தன் கையால் தன் வீட்டில் மாட்ட வேண்டும், மதினி பார்க்க வேண்டும். மனிதருக்கு அந்த ஓர் ஆசைதான். சொல்லிச் சொல்லி அது எங்களுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

கம்பம் நட்ட வேகத்தில் கம்பி வரவில்லை. கம்பங்களில் ஆடு கட்டுகிறார்கள் என்று சேதி வந்தது. பிறகு ஒருநாள் கம்பி ரோட்டோரத்துக்கு வந்தது. அடுத்து, ஊரின் மேற்குப் பக்கம். அங்கே கிணறு வைத்திருந்தவர்கள் மோட்டார் போட்டார்கள். அதற்கப்புறம்தான் கோலி மெல்லக் கரைய ஆரம்பித்தது. மேற்குத் தெருக்காரர் ஒருவர் விடுமுறைக்குப் போனவர் திரும்பவில்லை. இன்னொருவர் வந்தார், பையை எடுத்தார், போனார். ஆணிகள் காலியாயின. சட்டப்படி யாரும் பிடுங்கவில்லை. ஆனால் அடுத்து வர வேண்டியவர்கள் வரவில்லை. ஊரில் நெல் அரைக்கும் மிஷின் வந்துவிட்டது, மிளகாய்க்கும் வாழைக்கும் ஆள் தேவைப்பட்டது, பையன்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். ஒரு பாய் ஆறத் தொடங்கியது. பிறகு இன்னொரு பாய். எனக்கு ஏனோ அது பிடிக்கவில்லை. ஊர் நன்றாக இருக்கிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட வேண்டியவன்தான் நான். சந்தோஷமும் பட்டேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை சோறு பொங்கும்போது உலையில் அரிசி குறைந்துகொண்டே போவதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

கடைசியில் நானும் அண்ணாச்சியும் இன்னும் ஓரிருவரும் மிஞ்சினோம். அவருடைய வயல் கிழக்கே, கம்பி போய்ச்சேரக் கடைசி இடம். மதினியும் மதினியின் தம்பியும் சேர்ந்து மோட்டாருக்கு ஏற்பாடு செய்துவைத்திருந்தார்கள். அண்ணாச்சி மாதாமாதம் அனுப்பியதெல்லாம் அதற்குத்தான் போனது. கம்பி மட்டும் வர வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அசனத்துக்கு ஊருக்குப் போயிருந்த, பம்பாய்த் துணி மில்லில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் திரும்பி வந்து கோலிக்குள் ஒரு சாக்கைப் போட்டார். மிளகாய் வற்றல். கோலி முழுக்கக் காரம் ஏறி எல்லோரும் தும்மினோம். அண்ணாச்சி தும்மிக்கொண்டே வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"கம்பியா? அது வந்து ஒரு போகமே எடுத்தாச்சி. இது ஒம்ம தோட்டத்து மொளவாதான் வே. மதினி குடுத்துவிட்டா" என்றார் மில்காரர்.

அண்ணாச்சி சாக்கின் வாயைப் பிரித்து ஒரு மிளகாயை எடுத்துக் காம்பைக் கிள்ளினார். விதையை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். பிறகு, "வீட்டுக்கும் லைட்டு குடுத்துட்டானுவளா?" என்று கேட்டார்.

"பின்னே. மதினியே சந்தையில பல்பு வாங்கிட்டு வந்து மாட்டிட்டா. ஒம்ம மவ அதுக்கு அடியிலதான் உக்காந்து படிக்கா."

யாரும் சிரிக்கவில்லை. எவனாவது கிண்டல் செய்திருந்தால் தேவலை என்று இருந்தது. எல்லோரும் ஆணியைப் பார்த்தோம், அண்ணாச்சி மட்டும் பார்க்கவில்லை. மில்காரர் நிலைமை புரியாமல் தண்ணீர் குடித்துவிட்டு, மதினி சொல்லிவிட்ட சேதியையும் சொன்னார். "வேலை கெடக்கு, ஒத்தையில முடியல, வரச் சொல்லுங்கன்னா."

வேலை கிடக்கிறது, வா. எங்கள் ஒவ்வொருவரையும் பம்பாய்க்கு இழுத்து வந்த வாக்கியம் அதுதான். அதை ஊர் எங்களைப் பார்த்துச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

அண்ணாச்சி அன்று சாயங்காலம் எண்ணெய் தேய்க்காமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அவளே எல்லாத்தயும் பாத்துக்கிட்டாளே. மோட்டாரும் ஓடுது, லைட்டும் எரியுது. மவளுக்கு எம் மொகமே தெரியாது. நான் போயி என்ன செய்ய?" என்றார். அவர் என்னைக் கேட்கவில்லை, ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார். இருங்க அண்ணாச்சி, நாம ரெண்டு பேரும் இங்கேயே இருப்போம் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. அவர் போய்விட்டால் அந்தக் கோலியில் எனக்கு யாரும் இல்லை. எனக்கு ஊரில் கிணறும் இல்லை, கூப்பிட ஆளும் இல்லை. "வேலை கெடக்குன்னு சொல்லியிருக்காவல்லா. போங்க அண்ணாச்சி" என்றேன். அவர் நீண்ட மூச்சு விட்டார். இரண்டு வாரத்தில் கணக்குத் தீர்த்துக்கொண்டு கிளம்பினார்.

போகிற அன்று ஆணியிலிருந்து சட்டையை எடுத்தார், பையை எடுத்தார். பல்பை எடுக்கவில்லை. நான் நீட்டினேன். "இங்க லைட்டு வந்தா நீ மாட்டு. அது வரைக்கும் ஆணியில கெடக்கட்டும்" என்றார். தாதர் ஸ்டேஷனில் வண்டி நகரும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். சுண்ணாம்பில் வெடித்த அந்தக் கை சொரசொரவென்று இருந்தது.

சில வருடங்கள் கழித்து ஒரே ஒரு முறை ஊருக்குப் போனேன். மோட்டார்த் தண்ணீர் வாய்க்காலில் ஓடுவதை அண்ணாச்சி நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினார். கை ஆறியிருந்தது. அவருடைய மகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கீழே இன்னொரு பிள்ளை தவழ்ந்தது. மதினி வாழையிலை போட்டுச் சோறு வைத்தாள். நல்ல சாப்பாடு, நல்ல மனிதர்கள். ஆனால் முன்பெல்லாம் பம்பாயிலிருந்து ஒருவன் வந்தால் வாலிபப் பையன்கள் சுற்றி நின்று, அங்கே இடம் இருக்கா அண்ணே என்று நச்சரிப்பார்கள். அன்றைக்கு ஒருவனும் கேட்கவில்லை. எவ்வளவு நல்ல விஷயம் அது. ஆனாலும் யாராவது கேட்பானா என்று பஸ் ஏறும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாராவியில் எங்கள் சந்துக்குக் கரண்டு வந்தபோது கோலியில் நான் ஒருவன்தான். பொழுது சாயும் நேரம். பெட்டியைத் திறந்து பல்பை எடுத்து மாட்டி ஸ்விட்சைத் தட்டினேன். மாஹிம் கடையில் எரிந்த அதே வெளிச்சம். நாலு சுவரும் பளிச்சென்று தெரிந்தன. சுவர் முழுக்க ஆணிகள். என் சட்டை ஒன்றைத் தவிர எதிலும் எதுவும் இல்லை. அரிக்கேன் விளக்கில் மூலைகள் இருட்டாக இருக்கும். அந்த இருட்டில் ஆட்கள் படுத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் தூங்கிவிடுவேன். இந்த வெளிச்சத்தில் அதற்கு வழியில்லை. பல்பை அணைத்தேன். சூடு ஆறும்வரை இருட்டில் நின்று, கழற்றிப் பெட்டியில் வைத்தேன். மறுநாள் வேறு பல்பு வாங்கி மாட்டிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கல்யாணம், ஆபீஸ் உத்தியோகம், டோம்பிவிலி, லோக்கல் ரயில். என் மனைவி போய்ச் சில காலம் ஆகிறது. அண்ணாச்சியும் இல்லை. போன மாதம் புனேயிலிருந்து மகன் வந்து வீட்டு விளக்குகளை எல்லாம் புதுசாக மாற்றினான். கதவுக்குப் பின்னால் இருந்த பையையும் எடுத்துவிட்டான். பல்பை ஆட்டிப் பார்த்து, "இது எரியுமாப்பா?" என்று கேட்டான்.

"எரியும்."

"அப்போ ஏன் போடல?"

அவனுக்கு அந்த ஊரின் பெயர்கூடச் சரியாகத் தெரியாது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்தேன்.

"அது வீட்டுக்கு உள்ளது" என்று சொல்லி, வாங்கித் திரும்ப ஆணியில் மாட்டினேன்.